பிரிட்டனின் பிரபல முகங்களை ஒரு தொடராக வரைவது எப்படி? புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

பென்சில் ஓரளவு கைக்குப் பழகிவிட்டது, அங்கொன்றும் இங்கொன்றுமாக வரைந்துகொண்டே இருக்கிறோம், இனி ஒரே பொருளில் ஒரு தொடர் செய்து பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்கு பிரிட்டனின் பிரபல முகங்கள் நல்ல தேர்வு. வரலாற்றிலும் ஆள் இருக்கிறார்கள், கதைகளிலும் ஆள் இருக்கிறார்கள். ஓவியம், சிலை, அச்சுப்படம், புகைப்படம் என்று ஏறக்குறைய ஐந்நூறு வருடத்துக்கு ஆதாரம் கிடைக்கிறது, அதில் பெரும்பகுதியை வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மனதில் பதிந்திருக்கும் படத்தை வரையாதீர்கள். அந்தப் படம் எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப்போய்ப் பார்த்துவிட்டு வரையுங்கள். கடற்படைத் தளபதி நெல்சனை எடுத்துக்கொள்ளுங்கள், பெயரைக் கேட்டதும் பலருக்கு ஒரு கண்ணில் கறுப்புப் பட்டைதான் ஞாபகம் வரும். அவர் அப்படி ஒன்றைக் கட்டியதே இல்லை. 1794-ல் கோர்சிகா தீவில் நடந்த சண்டையில் வலது கண்ணில் பார்வை போனது உண்மை, ஆனால் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கண் ஏறக்குறைய சாதாரணமாகத்தான் தெரிந்திருக்கிறது. 1797-ல் டெனெரிஃபில் வலது கை போனது. அதனால்தான் அதற்குப் பிறகு வந்த அவருடைய ஓவியங்களில் காலியான வலது சட்டைக்கை மார்போடு சேர்த்து மாட்டப்பட்டிருக்கும். கறுப்புப் பட்டை போட்டால் அவர் கடல்கொள்ளையர் மாதிரி ஆகிவிடுவார், அந்தக் காலிக் கையை வரைந்தால் நெல்சனாக இருப்பார்.

முதல் படி: யார் யார்?

பத்துப் பேர் போதும். ஐம்பது பேர் என்று ஆரம்பித்தால் எட்டாவதோடு நின்றுவிடும். பத்துப் பேரையும் ஒரே வகையிலிருந்து எடுக்காமல் நான்கு வகையாகக் கலந்து எடுங்கள்: வாழ்ந்த காலத்திலேயே யாரோ பார்த்து வரைந்தவர்கள், புகைப்படம் எடுக்கப்பட்டவர்கள், முகமே யாருக்கும் தெரியாதவர்கள், கதைமாந்தர்கள். ஒவ்வொரு வகைக்கும் வேலை வேறு, அதனால் பத்து முடிவதற்குள் கை நிறையப் பழகிவிடும். என் பரிந்துரை எட்டாம் ஹென்றி, முதலாம் எலிசபெத், ஷேக்ஸ்பியர், நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின், பொறியாளர் புரூனல், மேரி சீகோல், பூடிக்கா, ஷெர்லாக் ஹோம்ஸ், அற்புத உலகத்துக்குப் போன சிறுமி ஆலிஸ், மேரி ஷெல்லியின் நாவலில் ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய அந்த உயிர். உங்களுக்கு நெல்சன் வேண்டுமென்றால் யாரையாவது எடுத்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரபலமானவர் என்பதால் நல்லவர் என்று ஆகிவிடாது. 1744-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னையில் வந்து இறங்கிய ராபர்ட் கிளைவும் பிரபலம்தான். அவரைப் போன்றவர்களைத் தொடரில் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். சேர்த்தால் முகத்தைக் கோரமாக்கிக் காட்டாதீர்கள், அழகாக்கவும் வேண்டாம். பக்கத்தில் என்ன பொருளை வைக்கிறோம், என்ன குறிப்பு எழுதுகிறோம் என்பதில் நம் கருத்து வரட்டும்.

இரண்டாவது படி: மூலப் படத்தைத் தேடுவது

பாதி வேலை இதில்தான். லண்டனில் 1856-ல் தொடங்கப்பட்ட நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி முழுக்க முழுக்க முகங்களுக்கான அருங்காட்சியகம். ஓவியம் எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட அதில் இருப்பவர் யார் என்பதுதான் அங்கே முக்கியம். அவர்கள் சேகரிப்பில் முதல் எண் பெற்ற படமே ஷேக்ஸ்பியர் என்று கருதப்படும் சாண்டோஸ் ஓவியம். இணையதளத்தில் பெயரைத் தட்டினால் அந்த ஆளுக்கு அவர்களிடம் இருக்கும் படங்கள் வரிசையாக வரும். யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையம், வெல்கம் கலெக்‌ஷன் ஆகிய இரண்டு இடங்களிலும் உரிமைக்காலம் முடிந்த படங்களைப் பெரிய அளவிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

படம் கிடைத்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். வரைந்தவர் யார்? அவர் அந்த ஆளை நேரில் பார்த்தாரா? அப்போது அந்த ஆளுக்கு என்ன வயது?

ஷேக்ஸ்பியரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் இறந்தது 1616. நமக்கு நன்றாகத் தெரிந்த, பெரிய நெற்றியும் விறைத்த காலருமான அச்சுப்படம் 1623-ல் வந்த அவருடைய நாடகத் தொகுப்பு நூலின் முகப்பில் இருப்பது. ஸ்ட்ராட்ஃபோர்ட் தேவாலயத்தில் இருக்கும் நினைவுச் சிலையும் இறப்புக்குப் பிந்தியதுதான். ஆனாலும் இந்த இரண்டையும் அவரைத் தெரிந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள், ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இடது காதில் சின்னத் தங்க வளையமும் அவிழ்ந்த கழுத்துக் கயிறுமாக இருக்கும் சாண்டோஸ் ஓவியம் இதையெல்லாம்விட உயிரோட்டமானது, ஆனால் அதில் இருப்பவர் அவர்தானா என்பது உறுதியாகவில்லை. எதை எடுத்தாலும் சரி, மூன்றையும் குழைத்து நாலாவதாக ஒரு முகம் மட்டும் செய்யாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் படத்தின் கீழே எழுதுங்கள்.

ஜேன் ஆஸ்டினுக்கு நிலைமை இன்னும் சுவாரஸ்யம். அக்கா கசாண்ட்ரா 1810 வாக்கில் பென்சிலும் நீர்வண்ணமுமாகப் போட்ட ஒரு சின்னப் படம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முகம் மட்டும் முடிந்திருக்கும், மடித்துக் கட்டிய கைகள் வெறும் கோடாக நிற்கும். உதடு இறுகி, பார்வை ஒரு பக்கமாகப் போய், அலுப்போ கோபமோ என்று சொல்லமுடியாத ஒரு பாவம். 1870 வாக்கில் குடும்பத்தார் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றுக்காக அதையே மென்மையாக்கி, கன்னத்தை உருட்டி, பார்வையைச் சாந்தமாக்கி வரையவைத்தார்கள். 2017-ல் வந்த பத்துப் பவுண்டு நோட்டில் இருப்பது அந்தச் சாந்தமான முகம்தான். கசாண்ட்ராவின் படத்திலிருந்து வரையுங்கள். அந்தப் பார்வையைப் பிடிப்பது கஷ்டம், ஆனால் அப்படி ஒரு பார்வை உள்ளவர்தான் அந்த நாவல்களை எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றும்.

கதைமாந்தர்களுக்கு முதல் ஆதாரம் எழுத்துதான். ஹோம்ஸை வரையும் முன் 1887-ல் வந்த முதல் கதையில் அவர் எப்படி வர்ணிக்கப்படுகிறார் என்று படியுங்கள்: ஆறடிக்கு மேல் உயரம், அளவுக்கு மீறிய ஒல்லி, பருந்து மூக்கு, சதுரமான தாடை, மையும் ரசாயனமும் பட்டுக் கறைபட்ட கைகள். இரண்டு பக்கமும் மடல் வைத்த அந்தத் தொப்பியை அவர் தலையில் வைத்தவர் ஓவியர் சிட்னி பேஜெட், 1891-ல் வந்த ஒரு பத்திரிகைக் கதைக்காக. அதுவும் ஊர்ப்புறம் பயணம் போகும்போது மட்டும்தான், லண்டன் தெருவில் போகும்போது அந்தக்காலக் கனவான்கள் போல உயர்ந்த பட்டுத்தொப்பிதான். வளைந்த பைப் மேடை நாடகத்தின் வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. தொப்பியும் பைப்பும் இல்லாமல், அந்தக் கறைபட்ட விரல்களை முன்னால் கொண்டுவந்து ஒரு ஹோம்ஸை வரைந்து பாருங்களேன். பார்க்கிறவர்களுக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டால் அது பெரிய வெற்றி.

ஆலிஸ் 1865-ல் ஜான் டெனியலின் கறுப்பு வெள்ளைப் படங்களோடு வந்தாள். 1890-ல் சின்னக் குழந்தைகளுக்காக வந்த வண்ணப் பதிப்பில் அவள் கவுன் மஞ்சள். நாம் எல்லோரும் இப்போது நீலம் என்றே நினைக்கிறோம். மஞ்சளைப் போட்டால் உங்கள் ஆலிஸ் கூட்டத்திலிருந்து தனியாகத் தெரிவாள்.

மூன்றாவது படி: உரிமை விவகாரம்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். பிரிட்டனில் படைத்தவர் இறந்த வருடத்துக்குப் பிறகு 70 வருடம், இந்தியாவில் 60 வருடம் பதிப்புரிமை உண்டு. டெனியல் 1914-ல் இறந்தார், பேஜெட் 1908-ல், ஹோம்ஸை எழுதிய கானன் டாயில் 1930-ல், அதனால் பிரச்சினை இல்லை. வின்னி த பூ கரடியை வரைந்த ஷெப்பர்ட் இறந்தது 1976-ல், அந்தப் படங்களுக்கு பிரிட்டனில் 2046 முடியும்வரை பாதுகாப்பு இருக்கிறது. ஹாரி பாட்டர், பாடிங்டன் கரடி எல்லாம் வீட்டுச் சுவருக்கு வரையலாம், விற்கக் கூடாது.

திரைப்படத்திலிருந்து வந்த உருவம்தான் பலரையும் மாட்டிவிடுவது. தட்டைத் தலையும் கழுத்தில் ஆணியுமாக நிற்கும் அந்த ஃபிராங்கன்ஸ்டைன் பூதம் 1931-ல் ஒரு ஹாலிவுட் படத்துக்காகச் செய்த ஒப்பனை. மேரி ஷெல்லி 1818-ல் எழுதியது வேறு: எட்டடி உயரம், தசையும் நரம்பும் தெரிகிற மெல்லிய மஞ்சள் தோல், பளபளக்கும் நீண்ட கறுப்பு முடி, முத்துப்போன்ற பல், கறுத்த உதடு, நீர்கோத்த வெளிறிய கண். படிக்கும்போதே ஓவியம் கண்முன் வந்துவிடுகிறது, ஆணிக்கு அவசியமே இல்லை. அதேபோல ஹோம்ஸுக்கு எந்த நடிகருடைய முகத்தையும் போடாதீர்கள்.

நான்காவது படி: பொருட்கள்

ஏ4 அளவில் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் பேப்பர், எச்பி, 2பி, 4பி பென்சில், பிசைந்து பயன்படுத்தும் நீடட் அழிப்பான், தண்ணீர் பட்டாலும் கரையாத கறுப்பு மைப் பேனா 0.1, 0.3, 0.5, ஒரு உருண்டை பிரஷ் 6, இன்னொன்று 2, மாஸ்கிங் டேப். வண்ணம் ஆறு போதும்: எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின், ஒரு நல்ல சிவப்பு, ஒரு மஞ்சள். எல்லாப் படத்துக்கும் இதே ஆறுதான் என்று வைத்துக்கொண்டால் தொடர் தானாக ஒரு குடும்பம் போல் சேர்ந்து நிற்கும்.

சிவப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முதலாம் எலிசபெத்தின் 1575 வாக்கிலான டார்ன்லி ஓவியத்தில் அவர் முகம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்திருக்கும். அவர் அவ்வளவு வெளுப்பு என்று நீண்டகாலம் எல்லோரும் நம்பினார்கள். ஆய்வு செய்து பார்த்தபோது, கன்னத்தில் போட்ட சிவப்புச் சாயம் காலப்போக்கில் மங்கிப்போய்விட்டது என்று தெரிந்தது, அதாவது வரைந்தபோது அவர் முகத்தில் ரோஜா நிறம் இருந்திருக்கிறது. மலிவான சிவப்பும், பழைய வகை அலிசரின் கிரிம்சனும் இன்றைக்கும் இதையேதான் செய்யும். குவினாக்ரிடோன் வகைச் சிவப்பை வாங்குங்கள். சந்தேகமிருந்தால் ஒரு துண்டுத் தாளில் பட்டையாகப் பூசி, பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். அட்டையை எடுத்தால் கதை தெரிந்துவிடும்.

ஐந்தாவது படி: தாளில் இறங்கும் முன்

தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னக் கட்டம் போட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் நாலைந்து அமைப்பு வரைந்து பாருங்கள். தலை எங்கே, கை எங்கே, பொருள் எங்கே, இருட்டு எங்கே என்பது மட்டும் போதும், கண் மூக்கு வேண்டாம். எல்லாப் படத்திலும் தலையின் உயரம் ஒரே அளவாக, சொல்லப்போனால் 9 சென்டிமீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் எல்லாவற்றிலும் இடது பக்கத்திலிருந்தே வரட்டும். பொருள் ஆளுக்கு ஒன்றுதான். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை வரைகிறீர்கள் என்றால் விளக்குதான், ஆனால் பல பழைய படங்களில் அவர் கையில் இருக்கும் மூக்கு வைத்த எண்ணெய் விளக்கு தவறு. கிரிமியப் போரின்போது அவர் இருந்த மருத்துவமனையில் புழங்கியது மடிப்பு மடிப்பாக நீளும் துருக்கிய உருளை விளக்கு.

ஆறாவது படி: வரைவது

முதல் படமாக புரூனலை எடுங்கள், காரணம் இருக்கிறது. 1857-ல் ராபர்ட் ஹவ்லட் எடுத்த புகைப்படம் அது. உலகத்திலேயே பெரிய கப்பலைக் கட்டிக்கொண்டிருந்த பொறியாளர், ராட்சதச் சங்கிலிகளுக்கு முன்னால், உயரத் தொப்பி, வாயில் சுருட்டு, கால்சட்டைப் பையில் கை. கிட்டப் போய்ப் பாருங்கள்: பூட்ஸும் கால்சட்டையின் கீழ்ப்பகுதியும் சேறு, துணி முழுக்கக் கசங்கல், கோட்டின் பொத்தான்களைச் சுற்றி இழுபடும் சுருக்கம். படம் எடுக்கிறார்கள் என்று உடை மாற்றிக்கொண்டு வந்தவர் இல்லை, வேலையை நிறுத்தாமல் ஒரு நிமிடம் வந்து நின்ற ஆள். வண்ணமில்லாத புகைப்படம் என்பதால் நீங்கள் வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் கவனித்தால் போதும், அதனால்தான் இது முதலில்.

படத்தின் மேல் எட்டுக்குப் பத்துக் கட்டம் போடுங்கள், ஒரு சாதாரணத் தாளிலும் அதே விகிதத்தில் கட்டம் போட்டு எச்பி பென்சிலில் உருவரை எடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து மூன்றே நிறமாகப் பிரியுங்கள்: வெள்ளை, நடுச்சாம்பல், கறுப்பு. தொப்பியும் கோட்டும் சேர்ந்து ஒரே கறுப்பு, அதற்குள் கோடு தேடாதீர்கள். சங்கிலியை முழுக்க வரைந்து கையை ஒடித்துக்கொள்ள வேண்டாம். தோளுக்கு அருகில் நாலைந்து வளையம் துல்லியமாக வந்தால், மீதியை மங்கலாக விட்டாலும் கண் தானாக நிரப்பிக்கொள்ளும்.

உருவரை சரியாக வந்ததும் அதை நல்ல தாளுக்கு மாற்றவேண்டும். எட்டாம் ஹென்றிக்காக ஓவியர் ஹோல்பைன் 1537-ல் ஒயிட்ஹால் அரண்மனைச் சுவரில் வரைந்த ஓவியம் 1698-ல் தீயில் போய்விட்டது, ஆனால் அதற்காகத் தாளில் போட்ட ஆள் உயர முன்வரைவின் ஒரு பகுதி போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கிறது. அதன் கோடுகள் நெடுக ஊசியால் குத்திய ஓட்டைகளைப் பார்க்கலாம். கரித்தூளை அந்த ஓட்டை வழியாகத் தட்டிச் சுவருக்கு மாற்றுவது அந்தக்கால முறை. நமக்கு அவ்வளவு வேண்டாம், உருவரைத் தாளின் பின்பக்கத்தில் 4பி பென்சிலை நன்றாகத் தேய்த்து, நல்ல தாளின் மேல் டேப்பால் ஒட்டி, முன்பக்கத்தில் கூரான பென்சிலால் ஓட்டினால் கோடு இறங்கிவிடும். ரொம்ப அழுத்தினால் பள்ளம் விழுந்து வண்ணம் அதில் தேங்கும்.

அப்புறம் மை, அது நன்றாகக் காய்ந்த பிறகு வண்ணம். தண்ணீர் அதிகம் கலந்த லேசான பூச்சிலிருந்து (வாஷ்) அடர்த்திக்குப் போங்கள், ஒவ்வொரு பூச்சும் காயட்டும். எலிசபெத்தின் கழுத்தைச் சுற்றியிருக்கும் கஞ்சி போட்ட மடிப்புக் காலர் எல்லோரையும் பயமுறுத்தும். வெளிவட்டம் ஒன்று, உள்வட்டம் ஒன்று, இரண்டையும் நீள்வட்டமாக மெல்லிசாகப் போடுங்கள். வெளிவட்டத்தில் சம இடைவெளியில் புள்ளி வையுங்கள், ஓரங்களுக்குப் போகப்போகப் புள்ளிகள் நெருங்கவேண்டும். புள்ளிக்கு ஒன்றாக 8 என்ற எண்ணைப் படுக்கவைத்தது போல் மடிப்பை வரைந்து, அங்கிருந்து கழுத்தை நோக்கிக் கோடு இழுங்கள். வெள்ளைக்கு வண்ணமே வேண்டாம், தாளை விட்டுவிடுங்கள். அல்ட்ராமரினில் துளி அம்பர் சேர்த்த சாம்பலை மடிப்பின் உட்புறத்தில் மட்டும் தொட்டால் கஞ்சியின் விறைப்பு வந்துவிடும்.

மேரி சீகோலுக்கு 1869-ல் ஆல்பர்ட் சாலன் வரைந்த சிறிய எண்ணெய் ஓவியம் இருக்கிறது. கழுத்தில் சிவப்புத் துணி, மார்பில் மூன்று பதக்கம். ஜமைக்காவில் பிறந்து, கிரிமியப் போர்க்களத்துக்குச் சொந்த முயற்சியில் போய் வீரர்களைக் கவனித்தவர். கறுத்த தோலுக்குக் கறுப்பு வண்ணத்தைக் கலக்காதீர்கள், முகம் செத்துவிடும். பர்ன்ட் சியன்னாவை அடித்தளமாகப் போட்டு, காய்ந்ததும் நிழலுக்கு சியன்னாவும் அல்ட்ராமரினும் சேர்ந்த பூச்சு, கன்ன எலும்பில் தாளின் வெளிச்சம் கொஞ்சம் தெரியட்டும். நம் வீட்டு மனிதர்களை வரையவும் இதே கலவை உதவும்.

ஏழாவது படி: முகமே இல்லாதவர்கள்

கி.பி. 60 வாக்கில் ரோமானியரை எதிர்த்து எழுந்த அரசி பூடிக்காவை நேரில் பார்த்து யாரும் வரைந்து வைக்கவில்லை. நூறு வருடத்துக்கு மேல் கழித்து எழுதிய காசியஸ் டியோ, உயரமானவர், இடுப்புவரை செம்பழுப்பு முடி, கழுத்தில் பெரிய பொன் வளையம், பலவண்ண உடை, மேலே ஊசியால் பொருத்திய தடித்த போர்வை என்கிறார். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கு அருகில் நிற்கும் வெண்கலச் சிலையில் தேர்ச்சக்கரத்தில் அரிவாள் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குச் சான்று இல்லை. கழுத்து வளையத்துக்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஸ்னெட்டிஷம் வளையத்தைப் பாருங்கள். பூடிக்காவின் மக்கள் வாழ்ந்த நார்ஃபோக்கில் 1950-ல் கிடைத்தது, அவர் காலத்துக்கும் முந்தியது, கம்பிகளை முறுக்கி முறுக்கிச் செய்தது.

முகத்துக்குத் தெரிந்தவர் யாரையாவது உட்காரவையுங்கள். இதற்கு நல்ல முன்னோடி ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்தவர், 48 வயதில் மகள் தந்த கேமராவோடு ஆரம்பித்தவர். 1868-ல் டார்வினைப் படமெடுத்தார், 1874-ல் ஆர்தர் அரசன் கதைகளுக்காக வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் வேடமிட்டு நிறுத்தினார், மந்திரவாதி மெர்லினாக நின்றவர் அவருடைய கணவர். வரலாறும் கதையும் ஒரே கண்ணில் எப்படிச் சேரும் என்பதற்கு அவர் படங்களைப் பார்த்தால் போதும். கடைசியில் இலங்கை மலையகத்துக்குக் குடிபோய் 1879-ல் அங்கேயே இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. ஜன்னலோரம், ஒரு பக்க வெளிச்சம், தோளில் ஒரு கம்பளி, அவ்வளவுதான் ஏற்பாடு. உட்காருபவரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், படத்தை வெளியே காட்டப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

எட்டாவது படி: ஸ்கேனும் குறிப்பும்

மூன்று படம் முடிந்ததும் சுவரில் அடுத்தடுத்து ஒட்டிப் பாருங்கள், தலை அளவோ வெளிச்சமோ பிசகியிருந்தால் மீதி ஏழில் சரிசெய்ய நேரம் இருக்கும். முடிந்தவற்றைக் குறைந்தது 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், பிரிண்ட் போடும் எண்ணமிருந்தால் 600. ஸ்கேனர் இல்லையென்றால் மேகமூட்டமான பகல் வெளிச்சத்தில், தாளைச் சுவரில் நேராக ஒட்டி, போனைத் தாளுக்கு இணையாகப் பிடித்து எடுக்கலாம்.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலில் நான்கு வரி: யார், எந்த மூலத்திலிருந்து, அந்த மூலம் எந்த வருடம், நீங்களாகச் சேர்த்தது எது. 'ஜேன் ஆஸ்டின். கசாண்ட்ராவின் படத்திலிருந்து, 1810 வாக்கில். கைகளும் நாற்காலியும் என் கற்பனை.' காட்சிக்கு வைக்கும்போதும், இணையத்தில் போடும்போதும் இதையே தட்டச்சு செய்து கூடவே போடுங்கள்.